தண்ணி தெளிச்சு விட்ட செடி

“நான் இதைக் கொல்லலை சாமி. அதை மொதல்ல சொல்லிடுதேன்.”

பேச்சியம்மாள் தொட்டியைச் சாமியின் முன்னால் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. போட்டாள் என்பதுதான் சரி.

மண் தொட்டி. அதில் ஒரு மருள் செடி. வாள் மாதிரி விறைத்து நிற்க வேண்டிய இலைகள் மஞ்சள் பாரித்துத் தொட்டி விளிம்பில் சாய்ந்து கிடந்தன.

சங்கரநயினார் சாமி செடியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

“உட்காருங்க அக்கா,” என்றார்.

“உட்கார வரலை.”

சாமி வயதில் அவளுக்குத் தம்பி. அதனால் அக்கா என்றுதான் கூப்பிடுவார். மடத்துக்கு அது பிடிக்கவில்லை. மடம் என்றால் வேறு யாரும் இல்லை, அதை நிர்வகிக்கிற மணியம் ஆவுடையப்பன்தான். மடத்தின் சாவிக்கொத்து அவர் இடுப்பில், மடத்தின் சட்டம் அவர் வாயில்.

அந்தச் சட்டத்தை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

குற்றால மலைக்கு இந்தப் பக்கம், ஈரத் துணி காயவே காயாத ஓர் இடத்தில் இருந்தது மடம். தங்க வருகிறவர் யாராக இருந்தாலும் கையில் ஒரு மருள் செடியைக் கொடுத்து ஓர் அறையைக் காட்டுவார்கள். செடியை அந்த அறைக்குள் வைத்துத்தான் வளர்க்க வேண்டும். கார்த்திகைத் தீபத்தன்று அது உயிரோடு இருந்தால் வளர்த்தவர் மடத்தில் இருக்கலாம். செத்திருந்தால் நடையைக் கட்ட வேண்டும்.

ஞானம் தேடி வருகிற இடத்தில் போய் மருளை வளர்க்கச் சொல்கிறார்களே என்று கேலி பேசியவர்கள் உண்டு. அவர்கள் கையிலும் ஒரு தொட்டி கொடுக்கப்பட்டது.

பேச்சியம்மாள் ஞானம் தேடி வந்தவள் இல்லை. ஆடி மாதம் அவள் வந்தபோது, “என்ன தேடி வந்தீய?” என்று மணியம் கேட்டார். “எடம்,” என்றாள். “ஞானம் வேண்டாமா?” என்றார். “குடுத்தா வாங்கிக்கிடுதேன்,” என்றாள்.

முப்பது வருடம் புருசனிடம் அடி வாங்கியவள். ஒரு நாள் காலையில் காப்பித் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். கடையநல்லூரில் அண்ணன் வீடு. அண்ணன் அவளை வாசலில் நிறுத்தியே பேசினான், “அவன் காலில் போய் விழு” என்றான். அவள் மாட்டேன் என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டதற்கு, அவள் காதில் விழும்படியே பதில் சொன்னான்.

“இவளுக்குத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு.”

இனி செத்தாலும் பிழைத்தாலும் நம் பாடு இல்லை என்று அர்த்தம். கூடப் பிறந்தவன் வாயில் அந்த வார்த்தை வந்ததை அவளால் மறக்க முடியவில்லை. மறக்கவும் விரும்பவில்லை.

இப்போது அதே வார்த்தைக்காகத்தான் சாமியோடு சண்டைக்கு வந்திருந்தாள்.

“ஐப்பசி பொறந்ததும் இலை நுனி கருகிச்சு. உங்ககிட்டதான் வந்து கேட்டேன். நீங்க என்ன சொன்னீய?”

“என்ன சொன்னேன்?”

“தண்ணி தெளிச்சு விடுங்கன்னு சொன்னீய.”

“ஆமா.”

“அப்பிடிச் சொல்லலாமா? ஒரு உசிரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லலாமா? அதுவும் நீங்க?”

“அதுக்கு என்னக்கா அர்த்தம்?”

“எங்கிட்டயா அர்த்தம் கேக்கீய? நீங்கதான சொன்னீய!”

“நான் சொன்னதுக்கு, தண்ணி தெளிச்சு விடணும்னு அர்த்தம்.”

பேச்சியம்மாள் செடியைப் பார்த்தாள்.

“தெளிக்கவா?”

“இலையில தூசி இருந்துது,” என்றார் சாமி.

வெளியே அடைமழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

“நான் ஊத்தினேன் சாமி.”

“எவ்வளவு?”

“காலையில ஒரு சொம்பு. சாயங்காலம் ஒரு சொம்பு. இலை தொய்யத் தொய்யத் தாகம்னு நெனச்சு இன்னொரு சொம்பு. நீங்க வேண்டாம்னு விட்டா நானும் விட்டுருவனா? விடமாட்டேன்னு வீம்புக்கு ஊத்தினேன்.”

“ஊத்தின தண்ணி வெளிய போச்சா?”

“தரை நனையுதுன்னு மணியம் சத்தம் போட்டாரு. தொட்டி ஓட்டையில பழைய சேலைத் துணியைத் திணிச்சு அடைச்சிட்டேன்.”

சாமி ஒரு விரலை மண்ணுக்குள் விட்டு எடுத்தார். அதை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார்.

நாள்பட்ட சாக்கடை வாடை அடித்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“காயுதுன்னுலா நெனச்சேன்,” என்றாள். சொல்லும்போதே அழுகை வந்தது. அழுகையைக் கண்டதும் அவளுக்குக் கோபமும் வந்தது.

அந்த நேரம் பார்த்து மணியம் உள்ளே வந்தார். வாடை அவரை அழைத்து வந்திருக்க வேண்டும்.

“அழுகிட்டா?” என்று குனிந்து பார்த்தார். “அழுகித்தான் போச்சு. நல்லாச் செழிச்ச செடி. வருத்தப்படாதீய அம்மா. பொறந்ததெல்லாம் ஒரு நாள் போகத்தான வேணும். பற்றை விடுங்க.”

“பற்றை விடணும்னா நீங்க மொதல்ல அந்தச் சாவிக்கொத்தை விடுங்க,” என்றாள் பேச்சியம்மாள்.

மணியத்தின் கை தானாக இடுப்புக்குப் போனது.

“நான் சட்டத்தைச் சொன்னேன்.”

“தீபத்துக்கு இன்னும் நாள் கெடக்கு.”

“அதுக்குள்ள செத்தது பொழைச்சிருமோ?”

அவள் சாமியின் பக்கம் திரும்பினாள்.

“பொழைக்குமா சாமி?”

“எது?”

“விடுகதை எல்லாம் வேண்டாம். செடியைத்தான் கேக்கேன். என்னைப் பத்தியோ ஆத்மாவைப் பத்தியோ கேக்கலை. இந்தச் செடி பொழைக்குமா, பொழைக்காதா?”

இந்த மடத்தில் யாரும் சாமியை இப்படிக் கேட்டதில்லை. மணியம் கண்ணை மூடிக்கொண்டார்.

சாமி எழுந்து அடுக்களைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு சின்னக் கத்தி இருந்தது. அதை அடுப்பு நெருப்பில் காட்டித் துடைத்து எடுத்து வந்திருந்தார். அவள் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

“வெட்டணுமா?”

“ம்.”

“எதை?”

“அழுகினதை.”

“எது அழுகினதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நான் செடி வளர்த்தவ இல்லை. வீட்டுக்குள்ள ஒரு துளசி வச்சதில்லை.”

“இழுத்துப் பாருங்க. கையோட வந்தா அது வேர் இல்லை.”

“வேருன்னா?”

“அதுதான் வராதே.”

அவள் தொட்டியைக் கவிழ்த்தாள். களி மாதிரி மண் விழுந்தது. கூரையிலிருந்து கொட்டும் மழைத் தண்ணீரில் செடியின் அடியைக் கழுவினாள். வேர்கள் கறுத்துப் போயிருந்தன. ஒன்றைப் பிடித்து லேசாக இழுத்தாள். தோல் கழன்று கையோடு வந்தது. அடுத்ததும் வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது.

“எல்லாம் வருது சாமி.”

சாமி கத்தியைக் காட்டினார்.

வேர் போன பிறகு கிழங்கு. அழுத்தினால் விரல் உள்ளே போனது. வெட்டினாள். வெட்டின இடம் பழுப்பாக இருந்தது. மறுபடி வெட்டினாள். மஞ்சள் இலைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஆடி மாதம் முழுக்க அவள் தடவிப் பார்த்த இலைகள்.

“இன்னும் வெட்டவா?”

“வாடை அடிக்கா?”

“அடிக்கு.”

“பெறகு ஏன் கேக்கீய?”

கடைசியில் விரல் நீளத்துக்கு ஒரு கிழங்குத் துண்டு மிஞ்சியது. உள்ளே வெள்ளையாக, கட்டியாக இருந்தது. அதன் தலையில் ஒரே ஓர் இலை. அடியில் ஒரு வேர். அவள் அந்த வேரைப் பிடித்து இழுத்தாள்.

வரவில்லை.

இன்னொரு தடவை இழுக்கப் போனவள் கையை எடுத்துக்கொண்டாள். சாமி முதல் தடவையாகச் சிரித்தார்.

வெட்டின இடத்தில் அடுப்புச் சாம்பலைத் தடவினாள்.

“செத்ததுக்குத் திருநீறா?” என்றார் மணியம்.

“உங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கேன், எடுத்துக்கிடுங்க,” என்றாள்.

துண்டை அறையின் நிழலில் காயப் போட்டாள். காயம் காய்ந்து தோல் கட்டின பிறகு வேறு தொட்டி எடுத்தாள். துணி அடைக்காத தொட்டி. ஆற்று மணலையும் உடைந்த ஓட்டுச் சில்லையும் கலந்து நிரப்பி, துண்டை நட்டு, சன்னல் ஓரம் வைத்தாள். பெரிய தொட்டியில் ஒற்றை இலை. பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது.

“இனி என்ன செய்யணும் சாமி?” என்று கேட்டாள்.

சாமி திரும்பி நடந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவள் கதவைத் திறந்தபோது வாசலில் ஒரு சொம்பு இருந்தது. நிறையத் தண்ணீர். வைத்துவிட்டுப் போகிற சாமியின் முதுகு தெரிந்தது.

“சாமி! இது எதுக்கு? செடிக்கா?”

முதுகு திரும்பவில்லை.

சொம்பை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு வந்தாள். மணல் மேலே வெளுத்துக் காய்ந்து கிடந்தது. சாமியே கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்றால் ஊற்றத்தானே வைத்திருப்பார்? கொஞ்சம் ஊற்றினால் என்ன ஆகிவிடும்? சொம்பைச் சாய்த்தாள். தண்ணீர் சொம்பின் விளிம்புக்கு வந்துவிட்டது.

அவளுக்குச் சந்தேகம் வந்தது. இன்னொரு கை விரலை மணலுக்குள் விட்டுப் பார்த்தாள். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது.

கை ஊற்று என்றது. விரல் வேண்டாம் என்றது. அவள் அப்படியே நின்றாள். ஒன்றும் செய்யாமல் நிற்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. முப்பது வருடச் சமையலைவிடக் கஷ்டமாக இருந்தது.

சொம்பை அண்ணாந்து கடகடவென்று அவளே குடித்துவிட்டாள்.

காலிச் சொம்பை வாசலில் கவிழ்த்து வைத்தாள். அடுத்த நாள் காலையிலும் நிறைந்த சொம்பு வந்தது. அன்றும் குடித்தாள்.

அதற்கடுத்த நாட்களிலும் அப்படித்தான். மழை பெய்தது. சொம்பு வந்தது. அவள் குடித்தாள். இலை மட்டும் நட்டபடி நின்றது. வளரவும் இல்லை, வாடவும் இல்லை.

“பச்சைப் பிள்ளைக்குத் தண்ணி குடுக்காம தான் மட்டும் குடிக்காளே, இப்பிடியும் உண்டுமா!” என்று மணியம் முற்றத்தில் நின்று யாரிடமோ சொன்னார். முற்றத்தில் யாரும் இல்லை.

“தாகமா இருந்தா உள்ள வாங்க, உங்களுக்கும் தாரேன்,” என்று அவள் அறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

வாய்க்குத்தான் அந்தத் தைரியம். உள்ளுக்குள் அவளுக்குப் பயமாக இருந்தது. எத்தனையோ முறை கை சொம்பை நோக்கிப் போனது. சில நாள் செடியைத் திட்டினாள். “ஏதாவது சொல்லேன். உசிரோட இருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறைஞ்சு போகுது?” என்றாள். செடி ஒன்றும் சொல்லவில்லை.

மழை விட்டு வெறித்த ஒரு நாள் விரலை உள்ளே விட்டாள். அடிவரைக்கும் காய்ந்திருந்தது. அன்றைக்குச் சொம்பிலிருந்து ஓர் உள்ளங்கைத் தண்ணீரை எடுத்து மணலில் விட்டாள். மீதியை அவள் குடித்தாள்.

மறுநாள் வாசலில் சொம்பு இல்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

கார்த்திகைத் தீபம் வந்தது.

மணியம் காலையிலேயே குளித்துப் பளிச்சென்று வந்து நின்றார். பின்னால் சாமி வந்தார். பேச்சியம்மாள் கதவை முழுதாகத் திறந்து வைத்தாள்.

மணியம் தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“ஒரு இலைதான் இருக்கு.”

“ஒண்ணுதான்.”

“வளரலையே.”

“வளரலை.”

“உசிர் இருக்கா?”

“தெரியலை.”

“தெரியலைன்னா எப்பிடி? இலை சும்மா வெறச்சு நிக்குதோ என்னமோ. இந்த மருள் வேரில்லாமலே மாசக்கணக்கா நிக்கும், எனக்குத் தெரியாதா? தோண்டிக் காட்டுங்க. வேர் விட்டிருந்தா இருங்க. இல்லைன்னா சட்டப்படி கெளம்புங்க.”

“மாட்டேன்.”

“என்னது?”

“தோண்ட மாட்டேன். இப்பந்தான் விட்டிருந்தா ஊசி மாதிரி இருக்கும், தோண்டினா அறும். விடலைன்னா தோண்டினாலும் விடாது. உங்களுக்குக் காட்டுததுக்காக நான் எதுக்கு அதைக் கொல்லணும்?”

“வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா? எல்லாரும் தோண்டித்தான் காட்டினாங்க.”

“அவங்க செடி. அவங்க காட்டினாங்க.”

மணியத்துக்கு முகம் சிவந்தது. “சாமி, நீங்க சொல்லுங்க,” என்றார்.

பேச்சியம்மாளும் சாமியைப் பார்த்தாள். கத்தியைக் கொண்டுவந்து வைத்தவர் இவர்தானே. சொம்பைக் கொண்டுவந்து வைத்தவரும் இவர்தானே. இவருக்குத் தெரியாதா என்று நினைத்தாள். அந்த நினைப்பே அவளுக்குத் தெம்பாக இருந்தது.

சாமி செடியைப் பார்த்தார்.

“தோண்டுங்க அக்கா,” என்றார்.

அவளுக்கு நெஞ்சில் மிதித்த மாதிரி இருந்தது. அண்ணன் பேசியபோதுகூட இப்படி வலிக்கவில்லை. அவன் அப்படிப்பட்டவன் என்று முன்பே தெரியும். இவர் அப்படி இல்லை என்று நம்பியிருந்தாள்.

குனிந்தாள். இரண்டு கையாலும் தொட்டியின் விளிம்பைப் பிடித்தாள். மணியம் நன்றாகப் பார்ப்பதற்காக ஓர் அடி முன்னால் வந்தார்.

அவள் தொட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“நீங்க சொன்னாலும் மாட்டேன் சாமி.”

“சாமி வார்த்தையை மீறுதீய!” என்றார் மணியம்.

“ஆமா, மீறுதேன். சாமி சொன்னாலும், மேல இருக்குத சாமி எறங்கி வந்து சொன்னாலும், இதை நான் தோண்ட மாட்டேன். உங்க சட்டம் உங்ககிட்டயே இருக்கட்டும். நான் போறேன்.”

“எங்கன போவீய? அண்ணன் சேத்துக்கிட மாட்டான். புருசன் வீட்டுக்குப் போக மாட்டீய.”

“எங்கனயோ போறேன். போற எடத்துல ஒரு சன்னல் இருந்தாப் போதும்.”

முற்றத்தைத் தாண்டினாள். பயம் போகவில்லை. ஆனால் நிற்கவில்லை. இலை ஆடாமலிருக்க ஒரு கையால் அணை கொடுத்துக்கொண்டு நடந்தாள். வெளிவாசல் கதவு பூட்டியிருந்தது.

“தெறங்க,” என்றாள்.

மணியம் சாவிக்கொத்தில் கையை வைத்தார். அவருக்குச் சாமியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தவர் திடுக்கிட்டார். சாமியின் கண் கலங்கியிருந்தது.

“நான் தப்பா ஒண்ணும் செய்யலையே சாமி,” என்றார் மணியம். “இத்தனை வருசமா நீங்க தோண்டச் சொன்னதும் தோண்டினாங்க. ஒருத்தர்கூட மறுக்கலையே.”

“ஆமா,” என்றார் சாமி. “தோண்டினவங்க ஒருத்தர்கூட இங்க மிஞ்சலையே.”

மணியத்தின் கை சாவிக்கொத்திலேயே நின்றது.

பேச்சியம்மாள் தொட்டியைக் கீழே வைக்கவில்லை. சாமியின் எதிரே வந்து நின்றாள். அவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

“சுத்தி வளைக்காம நேராச் சொல்லுங்க சாமி. நான் இருக்கவா, போகவா?”

“அதையும் தோண்டணுமா அக்கா?”

அவள் தொட்டியை இடுப்பில் இன்னும் ஏற்றிக்கொண்டு தன் அறையைப் பார்த்துத் திரும்பினாள். மணியம் நடுவில் நின்றார்.

“வழி விடுங்க,” என்றாள்.